பசித்த மண்ணில் பூச்சி தின்னும் செடி

மூணாறு,
செப்டம்பர்.

அன்புள்ள பங்காளிக்கு,

ஷிப்மெண்ட் நெருக்கடியில் நீ வர முடியாமல் போனதால் எழுதுகிறேன். உடுமலை, சின்னார், மறையூர் வரைக்கும் நம்ம ஊர் வெயில்தான். அதற்கு மேல் தேயிலையும் மழையும். ரோட்டுக்காக வெட்டிய மேடு ஒன்றில் தண்ணீர் கசிந்த இடத்தில், ஒரு சாண் உயரத்தில் மெல்லிய செடிகள். பிறை போன்ற குட்டி இலைகள். விளிம்பெல்லாம் சிவந்த முடிகள். ஒவ்வொரு முடி நுனியிலும் ஒரு பசைத்துளி. சித்த வைத்தியர்கள் அழுகண்ணி என்பது இந்த இனத்தைத்தான். தாவரவியலில் ட்ரோசீரா.

துளியைத் தேன் என்று நம்பி உட்காரும் கொசு ஒட்டிக்கொள்கிறது. அது துள்ளத் துள்ளப் பக்கத்து முடிகளும் வளைந்து அமுக்குகின்றன. பிறகு சுரக்கும் நொதிகள் உடலைக் கரைக்க, இலை உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் செடி வயிற்றுக்காக வேட்டையாடவில்லை. மாவுச்சத்தை வெயிலில் தானே சமைத்துக்கொள்கிறது. மழை அரித்த இந்த மண்ணில் கிடைக்காத நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் அதற்கு வேண்டும். டார்வின் 1875-ல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். பூச்சி கிடைத்த செடி அதிகம் விதைக்கிறது என்பதை 1878-ல் அவர் மகன் பிரான்சிஸ் சோதித்துக் காட்டினார்.

பக்கத்துச் சதுப்பில் ஊதாப் பூக்கள் தெரிந்தன. அது யூட்ரிகுலேரியா. வேரே கிடையாது. ஈர மண்ணுக்குள் இருக்கும் நுண்ணிய பைகள், மூடி திறந்த கணத்தில், ஒரு மில்லி செகண்டுக்குள் இரையை உறிஞ்சி இழுத்துவிடும்.

இரண்டும் சொந்தமில்லை என்பதுதான் வேடிக்கை. அழுகண்ணி தண்டுக்கீரையும் சப்பாத்திக்கள்ளியும் இருக்கும் வரிசையில் வருகிறது. யூட்ரிகுலேரியா எள்ளும் துளசியும் இருக்கும் வரிசையில். பூக்கும் தாவரங்களில் இப்படிப் பூச்சி தின்னும் பழக்கம் தனித்தனியாகச் சுமார் பத்து முறை தோன்றியிருக்கிறது. கருவியும் புதிதல்ல. பூஞ்சையையும் பூச்சியையும் எதிர்க்கச் செடிகள் முன்பே வைத்திருந்த நொதிகள்தான் செரிமானத்துக்குத் திரும்பின. ஆர்டர் மாறினால் பழைய மெஷினையே மாற்றி ஓட்டுகிற நம்ம பனியன் கம்பெனிக்காரர்கள் மாதிரி.

பசைக்கும் நொதிக்கும் செலவு அதிகம். வெளிச்சமும் ஈரமும் தாராளமாக இருந்து, மண் மட்டும் ஏழையாக இருந்தால்தான் அந்தச் செலவு கட்டுபடியாகும். உரமோ சாக்கடையோ வந்து சேர்ந்தால் புல் ஓங்கி, நிழல் விழுந்து, அழுகண்ணி அழிகிறது. வறுமை இதைக் கொல்வதில்லை, வளம்தான் கொல்கிறது.

ஒன்று பிடுங்கி வா என்று நீ கேட்பாய். கொண்டுவர மாட்டேன். தொழு உரம் போட்ட தொட்டியில் இது பிழைக்காது. உப்பும் ஆகாது. சாயக்கழிவின் உப்பு நொய்யலில் கலந்து, 2011-ல் ஐகோர்ட் பட்டறைகளை மூடச் சொன்ன நம்ம ஊரில், போர் தண்ணியின் டிடிஎஸ் என்ன என்று உனக்கே தெரியும். மழைக்காலம் முடிவதற்குள் நீயே வந்து பார்த்துவிட்டுப் போ.

அன்புடன்,
உன் பங்காளி