ஜீப்புக்குச் சட்டை தைக்கும் ஊர்

மணிலாவில் இறங்கி ஐந்து நிமிஷம் ஆவதற்குள் ஜீப்னி கண்ணில் பட்டுவிடும். எவர்சில்வர் பாத்திரக் கடை ஒன்று சக்கரம் கட்டிக்கொண்டு தெருவில் புறப்பட்டுவிட்டதோ என்று தோன்றும். மூக்கின் மேல் குட்டிக் குதிரைப் பொம்மைகள், பக்கவாட்டில் குழந்தை ஏசு, பறக்கும் கழுகு, வீட்டுக் குழந்தைகளின் பெயர்கள், போகும் ஊர்களின் பெயர்கள் என்று ஓர் அங்குல இடத்தைச் சும்மா விடமாட்டார்கள். பின்பக்கமாக ஏறி, குனிந்தபடியே போய், நீள பெஞ்சில் எதிரும் புதிருமாக உட்கார வேண்டும். கண்டக்டர் கிடையாது. "பாயாட் போ" என்று காசை நீட்டினால் பக்கத்தில் இருப்பவர் வாங்கி அடுத்தவரிடம் தருவார். அது கை மாறிக் கை மாறி டிரைவரிடம் போய்ச் சேரும். பாக்கிச் சில்லறையும் அதே வழியில் வந்துவிடும். இறங்குவதற்கு "பாரா போ!" என்று குரல் கொடுக்க வேண்டும். இந்தப் "போ" இருக்கிறதே, அது அவர்கள் பாஷையில் மரியாதைச் சொல். நம் காதுக்கு என்னவோ விரட்டுகிற மாதிரிதான் கேட்கிறது!

இந்த வண்டியின் பூர்வ கதை யுத்தத்தில் இருக்கிறது. 1945 பிப்ரவரியில் ஒரு மாத காலம் மணிலாவில் தெருத் தெருவாகச் சண்டை நடந்தது. சுமார் ஒரு லட்சம் ஊர் ஜனங்கள் மாண்டார்கள். டிராம் வண்டிகளும் தண்டவாளங்களும் நாசமாயின. சண்டை ஓய்ந்த பிறகு அமெரிக்க ராணுவம் ஊர் திரும்பியபோது, எடுத்துப் போகக் கட்டுப்படியாகாத ஜீப்புகளை அங்கேயே விற்றுவிட்டது. டிராமும் பஸ்ஸும் இல்லாமல் தவித்த ஜனங்கள் சும்மா இருப்பார்களா? நாலு பேர் உட்காரும் ஜீப்பின் பின்பாகத்தை அறுத்து நீட்டினார்கள்; இரண்டு பெஞ்சு போட்டார்கள்; மேலே கூரை வைத்தார்கள். குண்டு சுமந்த வண்டி அதற்குப் பிறகு காய்கறிக் கூடை சுமந்தது.

எங்களுக்குப் பார்க்க வேண்டியிருந்தது லாஸ் பின்யாஸ் என்னும் பகுதி. மணிலாவின் தெற்குக் கோடியில் இருக்கிறது. லியோனார்டோ சராவ் என்பவர் ஆதியில் குதிரை வண்டி ஓட்டியவர். பிறகு மெக்கானிக் ஆனார். 1953-ல் 700 பீஸோ கடன் வாங்கி இங்கே ஒரு பட்டறை போட்டார். அந்தப் பட்டறை வளர்ந்து, அதன் ஜீப்னி ஒன்று 1964-ல் நியூயார்க் உலகப் பொருட்காட்சிக்கே போய்விட்டது. நாளடைவில் அந்தத் தொழில் மிகவும் சுருங்கிவிட்டது. 2017-ல் அரசாங்கம் பழைய ஜீப்னிகளுக்குப் பதிலாகப் புது ரக வண்டிகள் வர வேண்டும் என்று திட்டம் போட்டது. டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பழைய எஞ்சின் விடும் கரும்புகையை முகத்தில் வாங்கிக்கொண்டவள் என்ற முறையில் எனக்கு அரசாங்கத்தின் பேரிலும் முழுக் கோபம் வரவில்லை.

ஊரில் இன்னொரு அதிசயமும் இருக்கிறது. செயின்ட் ஜோசப் மாதா கோவிலில் மூங்கிலால் செய்த ஆர்கன் வாத்தியம். டியேகோ செரா என்ற பாதிரியார் 1824-ல் முடித்தது. 1,031 குழல்களில் 902 மூங்கில். பழுதடைந்த அதை 1973-ல் கப்பலேற்றி ஜெர்மனியில் பான் நகரத்துக்கு அனுப்பி, செப்பனிட்டு, 1975-ல் திருப்பிக் கொண்டுவந்தார்களாம். பழசைத் தூக்கி எறியாமல் பழசாகவே மீட்பது என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல என்று தெரிகிறது.

இப்போது இங்கே தலைகீழான வேலை ஒன்று நடக்கிறது. யுத்த கால ஜீப்பைப் பழைய உருவத்திலேயே பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிறைய இருக்கிறார்கள். 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து தள்ளின. எஞ்சினைப் பிரித்து மாட்டிவிடலாம். தகடு மட்டும் துருப்பிடித்து உதிர்ந்துவிடுகிறது. அதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். தரைக்கு அடியில் தொப்பி வடிவமாக மடித்த இரும்புப் பட்டைகள் உண்டு. அவற்றுக்குள் பலத்துக்காக மரச்சட்டம் செருகியிருந்தார்கள். மழைத் தண்ணீரை அந்த மரம் குடித்து வைத்துக்கொண்டது. மேலே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே அரித்துப்போயிற்று. சண்டையில் சில வருஷம் தாங்கினால் போதும் என்று செய்த வண்டிதானே!

ஆகவே புதுத் தகடு வேண்டும். பிலிப்பைன்ஸில் எம். டி. ஜுவான் என்னும் நிறுவனம் அந்த நாளைய ஜீப்பின் உடலை முழுசாக அச்சில் அடித்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. ஜீப்னி கட்டிக் கட்டிப் பழகிய கைகள் இந்த நாட்டில் ஏராளம் அல்லவா?

நாங்கள் போனது அப்படிப் பெரிய இடத்துக்கு அல்ல. என் கணவரின் சிநேகிதர் ஒருவர் சந்துக்குள் இருந்த சின்னப் பட்டறைக்கு அழைத்துப் போனார். தகட்டு வேலைக்காரரை அங்கே "லாத்தேரோ" என்கிறார்கள். நம் ஊர் டிங்கர் வேலைக்காரர்தான். எழுபது வயதுப் பெரியவர். அடிக்கிற வேலைக்கு அவர்கள் பாஷையில் பெயர் "புக்புக்". கேட்டாலே சத்தம் வருகிறது, பாருங்கள்!

பட்டறையில் இருந்தது 1943-ஆம் வருஷத்து ஜீப். முன்பாகம் அசல். முகத்தில் ஒன்பது நீளத் துவாரங்கள். பிற்காலத்து ஜீப்புகளுக்கு ஏழுதான். ஃபோர்டு செய்த பாகங்களில் சின்ன போல்ட்டில்கூட ஆங்கில 'எஃப்' எழுத்து இருக்கும் என்று பெரியவர் ஒரு போல்ட்டைத் துடைத்துக் காட்டினார். பின்பாகம் ஜீப்னிக்காக எப்போதோ அறுபட்டுப் போயிருந்தது. அதைத்தான் புதிதாகச் செய்துகொண்டிருந்தார்.

அவர் வேலை செய்த விதத்தைப் பார்த்ததும் எனக்குத் தையற்காரர் ஞாபகம் வந்தது. முதலில் அட்டையில் அளவு வெட்டுகிறார். அதைத் தகட்டின் மேல் வைத்து, கூரான கம்பியால் கோடு கீறுகிறார். தையலுக்கு ஓரம் விடுவது போல் மடிப்புக்கு அரை அங்குலம் விட்டு, கத்தரியால் நறுக்குகிறார். தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டு இரும்புக் கோணங்களுக்கு இடையே இறுக்கிப் பிடித்து, கொட்டாப்புளியால் தட்டி ஓரத்தை மடக்குகிறார். இதுவரை சுலபம். வளைவு வரும் இடம்தான் வித்தை. ரவிக்கையில் குடைவு வர வேண்டுமானால் துணியைப் பிடித்துத் தைக்கிறோம். தகட்டை அப்படிப் பிடித்துத் தைக்க முடியுமா? மணல் மூட்டையின் மேல் வைத்து நடுவில் அடித்தால் அந்த இடம் மெலிந்து விரிகிறது. ஓரத்தில் சின்னச் சின்னக் கொசுவமாகச் சுருக்கி, அந்தக் கொசுவத்தைத் தட்டி அமுக்கினால் ஓரம் கனத்துக் குறுகுகிறது. விரிவும் குறுகலும் சேர்ந்து தகடு கிண்ணம் போல் குழிந்துவிடுகிறது. ஓர் அடி அதிகம் விழுந்தாலும் தகடு "டப்பென்று" உப்பிக்கொள்ளும். பிறகு அதைச் சமாதானப்படுத்த அரை நாள் ஆகும்.

பற்ற வைப்பதிலும் பொறுமை வேண்டும். ஒரே மூச்சில் நீளமாகப் பற்ற வைத்தால் சூட்டில் தகடு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, நடுவே ஆறவிட்டு, மறுபடி ஒரு பொட்டு. அசல் ஜீப்பில் இடது பக்கம் கோடரியும் மண்வெட்டியும் மாட்டுவதற்குப் பள்ளங்கள் உண்டு. டிரைவர் ஆசனத்துக்கு அடியில் பெட்ரோல் தொட்டிக்கென்று தரையிலேயே ஒரு குழி உண்டு. எல்லாவற்றையும் அளவு பிசகாமல் கொண்டுவர வேண்டும்.

"அச்சில் அடித்த தகடு கிடைக்கிறதே, அதை வாங்கி மாட்டக் கூடாதா?" என்று கேட்டேன்.

"அச்சில் வந்தது சரியாகத்தான் இருக்கும், அம்மா. இந்த வண்டிதான் சரியாக இல்லை. அடிச்சட்டத்தை ஒருதரம் அறுத்து நீட்டி, இப்போது அறுத்துக் குறுக்கியிருக்கிறது. இதற்கு அளவெடுத்துத்தான் தைக்க வேண்டும்" என்றார் பெரியவர்.

அப்போதுதான் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பாட்டியம்மாளைக் கவனித்தேன். எண்பது வயது இருக்கும். வண்டி அவர்களுடையது. தகப்பனார் 1947-ல் வாங்கி ஜீப்னியாக்கியது. பிறகு கணவர் ஓட்டினார். 1985-ல் நிறுத்திய வண்டி கொல்லைப்புறத்திலேயே கிடந்தது. இப்போது வெளிநாட்டு ரசிகர் ஒருவர் ராணுவ ஜீப்பாக ஆக்கித் தந்தால் நல்ல விலை தருவதாகச் சொல்லியிருக்கிறார். பேத்தி நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்திருக்கிறாள், பணம் வேண்டும். பேரன் இதையெல்லாம் ஆங்கிலத்தில் எங்களுக்குச் சொன்னான்.

பாட்டியம்மாள் குறுக்கிட்டு ஏதோ சொன்னார். பேரன் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தான்: "இந்த வண்டி பட்டாளத்தில் இருந்தது இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ. எங்களிடம் இருந்தது முப்பத்தெட்டு வருஷம். இதை எதற்காகப் பட்டாளத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்கிறார் பாட்டி."

யாரும் பதில் சொல்லவில்லை. பெரியவர் சுத்தியலை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார்.

சுவரோரம் கழற்றிப் போட்ட பழைய தகடுகள் சாய்ந்திருந்தன. ஒன்றில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு ரோஜாப் பூ, அதன் கீழே ஒரு பெண் பெயர். "யார் பெயர் இது?" என்றேன். பாட்டியம்மாள் தம் மார்பைத் தொட்டுக் காட்டினார். தகப்பனார் எழுதச் சொன்னதாம்.

அந்தத் துண்டைப் புது வண்டியில் எங்கேயாவது, கண்ணுக்குத் தெரியாத இடத்திலாவது, வைத்துவிட முடியுமா என்று அவர் கேட்டிருக்கிறார். பெரியவர் மறுத்துவிட்டார். அது துத்தநாகம் பூசிய தகடு. அதைப் பற்ற வைத்தால் வரும் புகை ஆளுக்குக் காய்ச்சலைக் கொண்டுவரும். தவிர, வாங்குகிறவர் கேட்டது ராணுவ ஜீப். அதில் ரோஜாப் பூவை ஒளித்து வைத்து அனுப்புவது நியாயமில்லை என்பது அவர் கட்சி. எனக்கு அவர் சொன்னதுதான் சரி என்று பட்டது. ஆனால் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

கடைசியில் பெரியவரே கத்தரியை எடுத்தார். பூவையும் பெயரையும் சுற்றி ஒரு முழம் சதுரமாக நறுக்கினார். கை கிழிக்காமல் இருக்க நாலு ஓரத்தையும் மடித்துத் தட்டினார். உப்புத்தாளால் தேய்த்து, விரலால் தடவிப் பார்த்து, இன்னொரு தரம் தேய்த்தார். பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை.

பேரன் டாக்ஸி கூப்பிடுகிறேன் என்றான். பாட்டியம்மாள் கேட்கவில்லை. பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தெருமுனையில் வந்த ஜீப்னியில் ஏறினார். உள்ளே நெருக்கமான கூட்டம். எல்லோரும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். மடியில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, காசை எடுத்துப் பக்கத்திலிருந்த பையனிடம் நீட்டினார். அது கை மாறி முன்னால் போயிற்று.