நான்கு ஓவருக்கு மேல் வேண்டாம்

கடந்த 2024 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. அந்தமானில் கடிகாரம் இந்திய நேரத்தைக் காட்டினாலும் சூரியன் அதற்குக் கட்டுப்படுவதில்லை. நவம்பர் இறுதியில் ஐந்து மணிக்கெல்லாம் மறைந்துவிடுகிறது. குட்வில் எஸ்டேட்டில் டென்னிஸ் பந்து ஆட்டத்தை முடித்துக்கொண்டு வந்த பையன்கள் எங்கள் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் ஒரு கைப்பேசியைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். சவூதி அரேபியாவின் ஜெட்டா நகரில் ஐ.பி.எல். ஏலம் நடந்துகொண்டிருந்தது. நடராஜனின் பெயர் வந்தது. இரண்டு கோடியில் தொடங்கிய விலை ஏறிக்கொண்டே போய், டெல்லி அணி அவரைப் பத்தே முக்கால் கோடி ரூபாய்க்கு எடுத்தது. திண்ணை அதிர்ந்தது. பெரியப்பா மகன் மட்டும் சுவரில் சாய்ந்தபடி, "முப்பத்து மூணு வயசு ஆச்சு தம்பி. தோள் தாங்கணுமே" என்றார்.

அண்ணன் அதைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பத்தாண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியின் எந்தப் போட்டிக்கும் அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கைச்செலவுப் பணம், ஒரு வேளைச் சாப்பாடு, அவ்வளவுதான் உடன்படிக்கை. ஒரே நாளில் மூன்று ஆட்டங்கள் வீசுவார். இப்போது வலது கையைக் காதுக்கு மேலே உயர்த்தினால் முகம் சுளிக்கிறது. அவருக்கு எழுதப்பட்ட ஒப்பந்தமும் இல்லை, எழுதப்பட்ட காயமும் இல்லை. மருத்துவரிடம் போனதே இல்லை.

மொழியியல் படித்தவர்களுக்குச் சொற்களை நோண்டும் நோய் உண்டு, பொறுத்தருள்க. 'ஏலம்' போர்த்துக்கீசியரிடமிருந்து நமக்கு வந்த சொல். 'காயம்' என்பதற்குத் தமிழில் உடல் என்றும் பொருள் உண்டு, புண் என்றும் உண்டு. முன்னது வடமொழியிலிருந்து வந்தது. பின்னதற்கும் அதற்கும் வேரில் உறவில்லை, ஒலியில் மட்டுமே ஒன்றுபட்டவை. ஆனால் வேகப்பந்து வீச்சாளர்களின் வாழ்க்கையைப் படிக்கும்போது அந்த ஒலி ஒற்றுமையை வெறும் தற்செயல் என்று தள்ள மனம் வருவதில்லை. ஏலத்தில் விலை பேசப்படுவது எந்தக் காயம் என்ற கேள்வி எனக்கு அன்றிரவு முழுதும் இருந்தது.

நடராஜனின் கதையைத் தமிழ்நாட்டில் வெற்றிக்கதையாகவே சொல்கிறோம். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி, டென்னிஸ் பந்து, பின்னர் சென்னை லீக், 2015இல் ரஞ்சி அறிமுகம். அந்த அறிமுகத்தோடு அவருடைய பந்துவீச்சு முறையில் ஐயம் எழுப்பப்பட்டு, முறையை மாற்றிக்கொண்டு மீண்டு வர வேண்டியதாயிற்று. 2017இல் பஞ்சாப் அணி மூன்று கோடிக்கு எடுத்தது. அடுத்த ஆண்டு ஐதராபாத் அணியில் அவர் விலை நாற்பது இலட்சம். அங்கே முதல் இரண்டு பருவங்களில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. 2020இல்தான் யார்க்கர்கள் உலகுக்குத் தெரிந்தன.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கடுத்த ஏழு மாதங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் பதினாறு ஐ.பி.எல். ஆட்டங்கள். அங்கிருந்து வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக நேரே ஆஸ்திரேலியா. வருண் சக்கரவர்த்திக்குத் தோள் காயம். அந்த இடம் நடராஜனுக்குக் கிடைத்தது. டிசம்பர் 2இல் கான்பெராவில் ஒருநாள் அறிமுகம், இரண்டு நாள் கழித்து இருபது ஓவர் அறிமுகம். பிறகு ஷமியின் கை முறிந்தது, உமேஷ் யாதவின் கெண்டைக்கால் பிசகியது, பும்ராவின் வயிற்றுத் தசை இழுத்துக்கொண்டது. 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் நடராஜன் டெஸ்ட் வீரரானார். ஒரே பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர். பிறர் உடல்கள் ஒவ்வொன்றாக உடைந்ததால் திறந்த கதவு அது. மார்ச்சில் புனேயில் இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசி ஓவரைச் சாம் கரனுக்கு வீசி வெற்றியைக் காத்தார். ஏப்ரலில் இரண்டு ஐ.பி.எல். ஆட்டங்கள், பின்னர் முழங்கால் போயிற்று.

கிரிக்கெட் வாரியத்தின் அந்த ஆண்டு மைய ஒப்பந்தப் பட்டியல் ஏப்ரல் 15 அன்று வெளியானது. கடைப் பிரிவுக்கு ஆண்டுக்கு ஒரு கோடி, உச்சப் பிரிவுக்கு ஏழு கோடி. நடராஜன் பெயர் அதில் இல்லை. அதே மாத இறுதியில் அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. வாரியத்தின் மருத்துவக் குழுவுக்கு அவரே பொதுவெளியில் நன்றி சொன்னார். எனவே கைவிட்டுவிட்டார்கள் என்று நான் எழுதினால் அது பொய். ஆனால் சிகிச்சை தருவது வேறு, ஒப்பந்தம் தருவது வேறு. மூன்று டெஸ்ட், அல்லது எட்டு ஒருநாள், அல்லது பத்து இருபது ஓவர் ஆட்டங்கள் ஆடியவர் கடைப் பிரிவுக்குத் தகுதி பெறுகிறார் என்று வாரியம் அண்மைய பட்டியல்களில் குறிப்பிடுகிறது. நடராஜன் இந்தியாவுக்கு ஆடியவை ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு இருபது ஓவர். மூன்று வடிவங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தவருக்கு எந்தக் கட்டத்திலும் எண்ணிக்கை நிரம்புவதில்லை.

பும்ராவோடு இதை ஒப்பிடக் கூடாது என்பார்கள். திறமையில் நானும் ஒப்பிடவில்லை. உச்சப் பிரிவில் இருக்கும் அவருடைய முதுகெலும்பு 2022இல் பழுதானபோது உலகக் கோப்பை ஒன்றும் ஒரு முழு ஐ.பி.எல். பருவமும் காத்திருந்தன. 2025இல் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டில் மூன்று மட்டுமே ஆடுவார் என்பது முன்பே முடிவாகியிருந்தது. ஓய்வையும் வேலையின் பகுதியாக எண்ணும் ஏற்பாடு அது.

பேஸ்பாலில் நிலை இன்னும் வேறு. அமெரிக்காவின் பெரிய லீக்கில் பந்தெறிபவரின் ஒப்பந்தத் தொகை பெரும்பாலும் உறுதி செய்யப்பட்டது. கை விழுந்தாலும் பணம் விழாது. ஸ்டீவன் ஸ்டிராஸ்பர்க் என்பவருக்கு வாஷிங்டன் அணி 2019 டிசம்பரில் ஏழாண்டுகளுக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம் தந்தது. அதன்பின் அவர் எறிந்தது எட்டே ஆட்டங்கள். அங்கே இரசிகர்கள் அணிக்காக அழுதார்கள். இங்கே அழ வேண்டியவர் வீரர்.

இதற்கு முன்னோடி ஒருவர் நம்மிடமே உண்டு: இலட்சுமிபதி பாலாஜி. 2004இல் பாகிஸ்தானில் சிரித்தபடி வீசிய அந்த இளைஞரின் முதுகில் அழுத்த முறிவு ஏற்பட்டது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, வீசும் முறையையே மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். 2008இல் சேப்பாக்கத்தில் ஐ.பி.எல்.லின் முதல் ஹாட்ரிக் அவருடையது. அதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். 2005க்குப் பிறகு அவர் ஒரு டெஸ்டும் ஆடவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை.

நடராஜனும் திரும்பி வந்தார். 2022இல் நான்கு கோடிக்கு ஐதராபாத் அவரை மீண்டும் எடுத்தது. 2024இல் பத்தொன்பது விக்கெட்டுகள். அதனால்தான் அந்தப் பத்தே முக்கால் கோடி. காயத்திலிருந்து மீளும் நிலையில் தொடங்கிய 2025 பருவத்தில் அவர் ஆடியவை இரண்டே ஆட்டங்கள். அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னேன். "நான் சொன்னேன்ல" என்று அவர் பெருமைப்பட்டுக்கொள்வார் என நினைத்தேன். சிறிது நேரம் பேசவில்லை. "காசு வந்துரும்ல?" என்று மட்டும் கேட்டார். பருவம் முழுதும் அணியோடு இருப்பவருக்கு ஆடாவிட்டாலும் தொகை உண்டு என்றேன். "அப்ப சரி" என்றார்.

விடுமுறைக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். 2020 ஆகஸ்டில் கடலடிக் கண்ணாடியிழை வடம் தொடங்கிவைக்கப்பட்ட பிறகுதான் எங்கள் தீவில் ஆட்டத்தைக் கைப்பேசியில் தடையின்றிப் பார்க்க முடிந்தது. நடராஜனின் ஆஸ்திரேலியப் பயணம் வந்தது அதற்குச் சில மாதங்களில். இங்குள்ள சிறுவர்கள் அவரை இன்னும் 'நட்டு' என்றே அழைக்கிறார்கள். இடக்கையால் வீசும் பையன் ஒருவன் இருக்கிறான், எட்டாம் வகுப்பு. தமிழும் இந்தியும் கலந்து பேசுவான். குறுக்குக் கோடு போட்டு அதன்மேல் செருப்பை வைத்து யார்க்கர் பழகுகிறான். தினமும் நான்கு ஓவருக்கு மேல் அண்ணன் விடுவதில்லை. நேற்று, "பஸ் ஏக் ஓவர், அண்ணே" என்று அவன் கெஞ்சினான். அண்ணன் பந்தை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வெளிச்சமும் போயிருந்தது.