வாசலில் தொங்கும் பூட்டு

எங்கள் வீட்டில் திண்டுக்கல் பூட்டுக்குத் தனி மரியாதை உண்டு. நாகல்நகர்ப் பட்டறைகளில் அரம் பிடித்து, லீவர் லீவராக ராவி, ஒவ்வொரு பூட்டுக்கும் அதற்கென்றே சாவி வெட்டுகிறவர்களின் கைவேலை அது. 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் கைவேலைமேல் எனக்குள்ள மதிப்பு குறையவே இல்லை. ஆனால் 'பூட்டை உடைத்து நகை கொள்ளை' என்று செய்தி வந்த ஒரு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தபோது, பூட்டு உடையாமல்தான் கிடந்தது. நாதாங்கியோடு பெயர்ந்து, பூட்டியது பூட்டியபடியே தரையில் விழுந்திருந்தது. நிலைக்கட்டையில் அரை அங்குலத் திருகாணிகள் பிடித்திருந்த இடத்தில் மரத்தூள் மட்டும் இருந்தது.

கடப்பாரையோடு வருகிறவன் பூட்டோடு மல்லுக்கட்டுவதில்லை. இடுக்கில் நுனியைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்புவான். அவ்வளவுதான். பூட்டுக்குத் தாராளமாகக் காசு கொடுக்கிற நாம் நாதாங்கிக்கு ஏன் இத்தனை கணக்குப் பார்க்கிறோம் என்று தெரியவில்லை. ஆசாரியைக் கூப்பிட்டு, கதவை ஊடுருவிப் போகும் போல்ட்டுப் போட்டு, உட்பக்கம் நட்டு முடுக்கச் சொல்லுங்கள். பின்கட்டுக் கதவையும் மொட்டைமாடிக் கதவையும் அவர் பார்க்காமல் போகக்கூடாது. முன்வாசலுக்குத் தேக்கும் பின்வாசலுக்குத் தகரமும் போட்ட வீடுகள் நம் ஊர்களில் ஏராளம்.

வெளியே தொங்கும் பூட்டில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. உள்ளே யாரும் இல்லை என்று தெருவுக்கே அது சொல்லிவிடுகிறது. கதவுக்குள்ளேயே பதிந்த பூட்டானால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று எட்டிப் பார்த்தாலும் தெரியாது. கிரில் கேட்டில்கூடக் கையை உள்ளே விட்டு, பூட்டு உட்புறமாகத் தொங்கும்படி பூட்டலாம்.

ஆனாலும் ஆளில்லாத வீடு தன்னைக் காட்டிக்கொடுக்க எத்தனையோ வழி வைத்திருக்கிறது. மார்கழியில் தெரு முழுக்கக் கோலம் இருக்க, ஒரு வாசல் மட்டும் வறண்டு கிடக்கும். பால் பாக்கெட் பையிலேயே புளிக்கும். பட்டப்பகலில் முகப்பு விளக்கு எரியும். இவற்றை எந்த இரும்பும் மறைக்காது, பக்கத்து வீட்டு மனிதர்கள்தான் மறைக்க முடியும். எங்கள் எதிர்வீட்டு அக்காவிடம், "ஊருக்குப் போறோம்க்கா, கொஞ்சம் பாத்துக்கங்க" என்றால், "நீ போய்ட்டு வா கண்ணு, வாசலை நான் தெளிச்சுக்கிறேன்" என்பார். நாலு புள்ளி வைத்து ஒரு சின்னக் கோலமும் போட்டுவிடுவார். அந்தக் கோலத்தை நான் கண்காணிப்புக் கேமராவுக்கும் மேலாக மதிக்கிறேன். கேமரா நடந்ததைப் பதிவு செய்கிறது. அக்காவோ, "யாருப்பா, யாரு வேணும்?" என்று கேட்பார்.

வெளியூர் போகும்போது காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால், ரோந்து வருகிறவர்கள் அந்த வீட்டையும் பார்த்துவிட்டுப் போவார்கள். போலீசாரே இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஸ்டேஷன் படி ஏறத் தயங்குகிற அதே ஆள், திருப்பதி வரிசையில் நிற்கும் படத்தை உடனுக்குடன் ஸ்டேட்டஸில் போடுகிறார். படத்தைத் திரும்பி வந்து போட்டாலும் பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். சாவி வைக்கும் இடங்களும் அப்படித்தான். மீட்டர் பெட்டி, செருப்பு ஸ்டாண்டு, துளசித் தொட்டி என்று நமக்குத் தோன்றுகிற ஒளிவிடம் திருடனுக்கும் தோன்றும்.

நகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திருடன் பிடிபட்டு நகை மீட்கப்பட்டாலும், அது நம்முடையதுதான் என்று காட்ட வேண்டும். பாட்டி போட்ட அட்டிகைக்கு ரசீது ஏது? ஆகவே ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் படம் எடுத்து, எடையோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகையைக் கடைக்காரர் ஆறு எழுத்து-எண் கொண்ட அடையாளக் குறியோடுதான் விற்க வேண்டும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மீட்ட பொருளைக் காவல் நிலையத்தில் வருடக்கணக்கில் போட்டுவைக்காமல், படமெடுத்து, பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் சீக்கிரமே ஒப்படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லியிருக்கிறது. கேட்டுப் பெற வேண்டிய உரிமை அது.

வங்கி லாக்கரில் வைத்தால் கவலையே இல்லை என்பதும் பாதி உண்மைதான். உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, திருட்டோ கொள்ளையோ ஊழியர் மோசடியோ நடந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். இன்றைய தங்க விலையில் ஒரு கல்யாண நகைக்கு அது எந்த மூலைக்கு?

இத்தனையும் மீறித் திருட்டு நடந்துவிட்டால் எதையும் தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள். பீரோவை ஒழுங்குபடுத்தினால் கைரேகை அழிந்துபோகும். அதைவிட முக்கியமாக நான் சொல்ல விரும்புவது, புகாரில் எழுதும் பெயரைப் பற்றி. 'யார்மேலாவது சந்தேகமா?' என்ற கேள்விக்கு நம் வீடுகளில் யோசிக்காமல் வருகிற பதில், பாத்திரம் தேய்க்க வருகிற பெண்ணின் பெயர். நம் வீட்டு வாசலை அதிகாலையில் முதலில் பார்க்கிறவர் அவர். பின்கதவு திறந்து கிடந்தால் கூப்பிட்டுச் சொல்கிறவரும் அவர்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு தெருவில் அப்படி ஒருவரை நாள் முழுக்க ஸ்டேஷனில் உட்காரவைத்து விசாரித்தார்கள். அதற்குப் பின் மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாக அவரை நிறுத்திவிட்டன. சில மாதங்கள் கழித்து வேறு ஊரில் வேறொரு வழக்கில் பிடிபட்டவன் அந்த வீட்டுத் திருட்டையும் ஒப்புக்கொண்டான், நகையில் பாதி திரும்பி வந்தது. அந்த அம்மாவுக்கு வேலை திரும்பி வரவில்லை. அவர் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேளுங்கள், தெருவாரிடமும் நீங்களே சொல்லுங்கள் என்று அந்த வீட்டாரிடம் பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னும் போகவில்லை.