பழைய பிக்கப்புக்குப் புதிய கார்புரேட்டர்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் உங்களில் பலர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே: "ஐயா, நம்ம பிக்கப்புக்குக் கார்புரேட்டர் மாத்தியாச்சாமே, மைலேஜ் கூடிருச்சா?" கூடியிருக்கிறது. ஆனால் கூடியது முழுவதும் கார்புரேட்டரால் வந்ததன்று. உங்கள் காணிக்கைப் பணத்தில் செய்த வேலையாதலால், எதனால் எவ்வளவு வந்தது என்பதைக் கணக்காகவே எழுதிவிடுகிறேன். உக்கிராணத்துவத்தைக் குறித்துப் பிரசங்கிக்கிறவன் ரசீதையும் காட்டவேண்டும் அல்லவா?

நாச்சியாபுரத்துச் சிறுபிள்ளைகளும் சத்தத்தை வைத்தே அடையாளம் சொல்லும் நம் வண்டி, மஹிந்திரா எஃப்.சி.150 வகையைச் சேர்ந்தது. இவ்வகை நம் நாட்டில் 1965-இல் அறிமுகமானது. நான்கு சிலிண்டர், 2,199 சி.சி. பெட்ரோல் எஞ்சின், அது ஓட்டுநருக்கும் பக்கத்தில் அமர்பவருக்கும் நடுவே, இரும்புக் கூட்டுக்குள் இருக்கிறது. சித்திரை வெயிலில் அதனருகே அமர்ந்து காரைக்குடி வரை போய்வந்தவர்களுக்கு நான் நரகத்தைப் பற்றித் தனியாக விளக்க வேண்டியதில்லை. அறுப்பின் பண்டிகைக்கு வாழைத்தாரும் நெல்மூட்டையும் சுமக்கிற அதே வண்டிதான், புதனும் சனியும் சுற்றுக் கிராமங்களில் தனித்து வாழும் முதியோருக்கு மதிய உணவு கொண்டுசெல்கிறது. இரு நாளும் சேர்த்து 120 கிலோமீட்டர். லிட்டருக்கு 6 கிலோமீட்டர் கொடுத்த நாளில் அதற்கு 20 லிட்டர் செலவாயிற்று. லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியபின், கடைசி இரண்டு ஊர்களை நிறுத்திவிடலாமா என்று சபைக் கமிட்டியில் பேச்சு எழுந்தது. அவ்விரு ஊர்களிலும் நம் சோற்றுக்குக் காத்திருப்பவர்கள் பதினொரு பேர்.

அப்போதுதான் கார்புரேட்டர் பேச்சு வந்தது. அதன் வேலை எளியது. பெட்ரோல் தனியே நன்றாக எரியாது. எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற அளவில் கலந்தால் முழுமையாக எரியும். எஞ்சின் உறிஞ்சும் காற்று கார்புரேட்டரின் குறுகிய கழுத்து வழியே விரைகிறது. விரையும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு, ஜெட் எனப்படும் நுண்துளை வழியாகப் பெட்ரோலை இழுத்துத் தூவுகிறது. அந்தக் கழுத்துக்கு 'வெஞ்சுரி' என்று பெயர். இத்தாலியரான ஜொவான்னி பத்திஸ்தா வெஞ்சுரியின் பெயர் அது. குறுகிய குழாயில் திரவம் ஓடும் விதத்தை ஆராய்ந்து 1797-இல் நூல் வெளியிட்டவர். அவர் குருப்பட்டம் பெற்ற கத்தோலிக்கக் குருவானவரும்கூட. போதகருக்கு மெக்கானிக் ஷெட்டில் என்ன வேலை என்று முணுமுணுக்கும் மூப்பர்கள் இதைக் கவனிப்பார்களாக.

வயதான கார்புரேட்டரில் ஜெட் தேய்ந்து துளை பெரிதாகும். மிதவை ஓட்டையாகிக் கனத்துப்போனால் பெட்ரோல் மட்டம் ஏறி, தேவைக்கு மேல் வழியும். நம் ஊர்ச் செம்மண் புழுதி எல்லா இடுக்கிலும் போய்ச் சேரும். நம் வண்டியில் இம்மூன்றும் இருந்தன. ஸ்பார்க் பிளக்குகள் கரியாய்க் கறுத்திருந்ததே சாட்சி.

மெக்கானிக் தம்பி முதலில் ஒரு குறுக்குவழி சொன்னார். "ஐயா, ஆம்னி கார்புரேட்டர் ஒண்ணு கையில இருக்கு. போட்டுட்டா வண்டி பெட்ரோலே குடிக்காது." குடிக்காதுதான். ஆனால் ஆம்னியின் எஞ்சின் 796 சி.சி. அதற்கென அளந்த கழுத்தும் ஜெட்டும், ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிய எஞ்சின் சுமையோடு மேடேறும்போது போதா. பெட்ரோல் குறைந்த கலவையில் தொடர்ந்து சுமை இழுத்தால் சூடு மிகுந்து எக்ஸாஸ்ட் வால்வு கருகும். பட்டினி போட்டுச் செலவைக் குறைப்பதற்குப் பெயர் சிக்கனம் அன்று. "தம்பி, இந்த எஞ்சினுக்கு உரியதே கிடைக்குமா பாருங்க" என்றேன். முகம் சுளிக்காமல் தேடத் தொடங்கினார்.

தேடிக்கொண்டிருந்த நாட்களில் அவரே செய்த காரியம்தான் எனக்கு இதில் மிகப் பிடித்தது. சக்கரங்களை ஒவ்வொன்றாக ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுழற்றினார். பின்பக்க இடது சக்கரம் அசையவில்லை. பிரேக் டிரம்முக்குள் வீல் சிலிண்டர் துருப்பிடித்து இறுகி, பிரேக் எப்போதும் பிடித்தபடியே இருந்தது. எத்தனை காலமாக ஒரு சக்கரத்தை எஞ்சின் இழுத்துக்கொண்டு போயிற்றோ! அதைச் சரிசெய்து, தீய்ந்திருந்த பாயிண்டை மாற்றி, டயர்களில் காற்று அளந்து, பழைய கார்புரேட்டரோடேயே ஓட்டினோம். டேங்கை விளிம்புவரை நிரப்பி, அதே வழியில் அதே சுமையோடு சுற்றிவந்து, மறுபடி விளிம்புவரை நிரப்பி அளந்ததில், லிட்டருக்கு 7 கிலோமீட்டர். கார்புரேட்டர் மாற்றியபின் அதே முறையில் அளந்தபோது 8.

இரண்டிலும் கூடியது ஒரு கிலோமீட்டர்தான் என்றாலும் பணத்தில் அவை சமமல்ல. 120 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் முதலில் 17-ஆகக் குறைந்தது. பிறகு 15 ஆனது. முதல் மூன்று லிட்டரை மீட்க ஆன செலவு சில நூறு ரூபாய். அடுத்த இரண்டு லிட்டருக்காகக் கார்புரேட்டருக்குக் கொடுத்தது நாலாயிரம். அது ஏறத்தாழ இருபது வாரத்தில் திரும்பும். கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கும் மனிதனைக் குறித்து ஆண்டவர் சொன்னதை அறிவோம். ஐயாயிரம் பேரைப் போஷித்த பின்பும் மிஞ்சிய துணிக்கைகளைப் பன்னிரண்டு கூடைகளில் சேர்க்கச் செய்தவர் அவர். பெருகச் செய்ய வல்லவருக்கே துணிக்கை கணக்கில் இருந்ததென்றால், வாரம் இரண்டு லிட்டர் அற்பம் என்று நாம் எப்படிச் சொல்வது?

பழைய வண்டி வைத்திருப்போருக்கு இன்னொன்று. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. ஆகவே புதுக் கார்புரேட்டர் போட்டும் பழைய நாளின் மைலேஜ் அப்படியே திரும்பாது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களை இளகச் செய்யும். எனவே பெட்ரோல் குழாய்கள் முழுவதையும் மாற்றச் சொன்னேன். எஞ்சினுக்கு அருகிலேயே ஆட்கள் உட்காருகிற வண்டியில் கசிவுக்கு இடம் கொடுக்கலாகாது.

ரசீதுகள் ஆலய அலுவலகத்தில் இருக்கின்றன; யாரும் பார்க்கலாம். கடைசி இரண்டு ஊர்களும் பட்டியலில் அப்படியே உள்ளன. வரும் புதன்கிழமை பரிமாற ஒரு ஆள் குறைகிறது. எஞ்சின் சூட்டைத் தாங்கக்கூடியவர்கள் காலை பத்தரைக்கு ஆலய வாசலுக்கு வாருங்கள். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறது.