கண் டேப்பில் இருக்கட்டும்

திருப்பூரில் ஆளெடுப்பு ஓய்வதே இல்லை. 'பவர்டேபிள், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை. செக்கிங், கைமடிக்குப் பெண்கள் தேவை' என்று கம்பெனி கேட்டில் மாட்டிய அட்டையின் எழுத்து வெயிலில் மங்கிப்போகும். அட்டையைக் கழற்ற மாட்டோம். ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த நான், இப்போது அந்த அட்டையைப் பார்த்து வருகிறவர்களை உட்கார வைத்துப் பேசி, வேலை கொடுக்கலாமா என்று சொல்லும் இடத்தில் இருக்கிறேன். டெய்லர், குவாலிட்டி, மெர்ச்சண்டைசிங், அக்கவுண்ட்ஸ் என்று எல்லோரும் என் மேஜையைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள்.

கல்லூரி முடித்து வரும் பிள்ளைகள் இப்போதெல்லாம் நன்றாகத் தயாராகி வருகிறார்கள். நிமிர்ந்து உட்கார், கண்ணைப் பார்த்துப் பேசு, கையை அழுத்திக் குலுக்கு, சிரித்த முகமாக இரு. கோவையிலும் ஈரோட்டிலும் ஆளுமைப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருவதை அப்படியே செய்கிறார்கள். செய்யட்டும், தப்பில்லை. ஆனால் அந்த வகுப்புகளில் தவறாமல் திரையில் காட்டும் ஒரு கணக்கு இருக்கிறது: நாம் சொல்வதில் 7 விழுக்காடுதான் வார்த்தை, 38 விழுக்காடு குரல், மீதி 55 விழுக்காடு உடல்மொழி. அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் கேட்க வைத்தும், முகங்களின் புகைப்படங்களைக் காட்டியும், பேசுகிறவருக்குப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்று கேட்டுச் செய்த சோதனைகள். உணர்ச்சியைப் பற்றிய பேச்சுக்கு மட்டும்தான் இது பொருந்தும் என்று மெஹ்ராபியனே பிறகு சொல்லிவிட்டார். லேப் டிப் (சாய நிற மாதிரி) அப்ரூவல் தாமதமானால் ஷிப்மெண்ட் தேதியை எப்படிக் காப்பாற்றுவீர்கள் என்று நான் கேட்கும்போது, பதிலில் 55 விழுக்காட்டை முகத்தாலேயே சொல்லிவிட முடியாது.

அப்படியானால் நான் உடலைப் பார்ப்பதே இல்லையா? பார்க்கிறேன். கையைப் பார்க்கிறேன்.

மெர்ச்சண்டைசர் வேலைக்கோ குவாலிட்டி வேலைக்கோ வந்தவரிடம் ஒரு டி-ஷர்ட், அதன் அளவுகள் எழுதிய ஸ்பெக் ஷீட், ஒரு டேப் மூன்றையும் கொடுப்பேன். "நெஞ்சளவு எடுத்துச் சொல்லுங்க" என்பேன். அவ்வளவுதான் கேள்வி. பின்னலாடைத் துணி நெசவுத் துணி மாதிரி நிற்காது. இழுத்தால் இழுத்த அளவுக்கு வரும். எந்த அளவு வேண்டுமோ அந்த அளவை அதிலிருந்து வரவழைக்கலாம். தொழில் தெரிந்த கை முதலில் மேஜையைத் தடவி, அதில் தூசியோ எண்ணெயோ இருக்கிறதா என்று பார்க்கும். பிறகு சட்டையைப் பரப்பி, உள்ளங்கையால் நீவிவிடும், இழுக்காது. அக்குளுக்கு ஒரு இஞ்ச் கீழே டேப்பை வைக்கும். வேலை முடிந்ததும் சட்டையைச் சுருட்டி ஓரமாகத் தள்ளாமல், கொடுத்தபோது இருந்த மடிப்பிலேயே மடித்துத் திருப்பித் தரும். ஸ்பெக் ஷீட்டில் உள்ளதைவிட அரை இஞ்ச் கூடுதலாக இருக்கும் பீஸைத்தான் நான் வேண்டுமென்றே கொடுப்பது.

இந்த இடத்தில் பார்க்க வேண்டியது கண்ணை. அளவு ஒத்துவரவில்லை என்று தெரிந்ததும் சிலருடைய கண் டேப்பை விட்டு என் முகத்துக்கு வரும். நான் என்ன பதிலை எதிர்பார்க்கிறேன் என்று என் முகத்தில் தேடுவார்கள். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி பார்த்தால் அது அருமையான கண் தொடர்பு! வேறு சிலர் என்னைப் பார்க்கவே மாட்டார்கள். இன்னொரு முறை நீவிவிட்டு, இன்னொரு முறை அளந்து, குனிந்தபடியே, "அரை இஞ்ச் கூடுதுங்க, டாலரன்ஸுக்கு வெளிய போகுது" என்பார்கள். இவர்களைத்தான் நான் எடுப்பேன். நாளைக்கு ஒரு பெரிய பையரின் ஆள் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்து நிற்கும்போது, மேனேஜர் முகத்தைப் பார்த்து அளவு சொல்கிறவர் கம்பெனியைக் கவிழ்த்துவிடுவார்.

இது நான் கண்டுபிடித்த முறை இல்லை. இந்த ஊர் முதலாளிகளில் பலர் கட்டிங் மேஜையில் நின்றவர்கள், டெய்லராக உட்கார்ந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். தோட்டம் விட்டுப் பனியன் கம்பெனிக்கு வந்து, கூட்டாளி சேர்த்து, நாலு மெஷின் போட்டு மேலே வந்த கவுண்டர்களைப் பற்றி ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004-இல் ஒரு புத்தகமே எழுதினார். எப்படி முன்னேறினீர்கள் என்று கேட்டால் அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன பதில் 'உழைப்பு' என்பதைச் சுற்றியே அந்தப் புத்தகம் நகர்கிறது. அந்த உழைப்புப் பேச்சுக்குப் பின்னால் சாதியும் உறவும் செய்த வேலையையும் அவர் பார்க்கத் தவறவில்லை. அப்படி வந்த முதலாளிக்கு ஒருவர் நாற்காலியில் எப்படி உட்காருகிறார் என்பது கண்ணில் படாது. துணியை எப்படித் தொடுகிறார் என்பது உடனே படும்.

டெய்லருக்கு இன்டர்வியூ ஆபீஸில் இல்லை, மெஷினில். உட்கார்ந்ததும் சட்டென்று பெடலை மிதிப்பவர் உண்டு. நல்ல டெய்லர் அப்படிச் செய்ய மாட்டார். கோனிலிருந்து ஊசிவரை நூல் போகும் வழியை விரலால் ஒரு முறை தொட்டுப் பார்ப்பார். கட்டிங் வேஸ்ட்டை எடுத்துக் கையைத் துடைப்பார், ஊசிக்கடியைத் துடைப்பார். வெள்ளைப் பனியனில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் அந்தப் பீஸ் போச்சு. பிறகு வேஸ்ட் துணியில் ஒரு ஓட்டு ஓட்டி, தையலை இரண்டு பக்கமும் இழுத்து நூல் அறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நல்ல துணியைத் தொடுவார்.

ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். தமிழ் வராது, காண்ட்ராக்டர்தான் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஓவர்லாக்கில் உட்கார வைத்தோம். பாதியில் ஊசி உடைந்தது. ஏற்றுமதி கம்பெனிகளில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைத்தாக வேண்டும். நோட்டில் ஒட்டி வைத்த பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு காணோம் என்றால் சுற்றியுள்ள பீஸ் அத்தனையும் மெட்டல் டிடெக்டருக்குப் போகும். குழந்தைச் சட்டைக்குள் ஊசிமுனை போய்விடக் கூடாதே! சோதனையில் ஊசி உடைந்தால் பெரும்பாலானவர்கள் பயந்து எங்களைத்தான் பார்ப்பார்கள்; சிலர் துண்டைக் காலால் தள்ளிவிடுவார்கள். இவன் பெடலிலிருந்து காலை எடுத்தான், மெஷினை ஆஃப் செய்தான், துணியை உதறாமல் மெதுவாகத் திருப்பினான், கீழே குனிந்து முனையைத் தேடி எடுத்தான். மூன்று துண்டையும் ஒன்றோடொன்று பொருத்தி முழு ஊசி ஆகிறதா என்று பார்த்துவிட்டுச் சூப்பர்வைசரிடம் நீட்டினான். காண்ட்ராக்டரிடம் அதற்கு மேல் கேட்க எங்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஆராய்ச்சிக்காரர்களும் இதையே சொல்கிறார்கள். 1998-இல் ஷ்மிட், ஹண்டர் என்ற இருவர் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து, ஒருவர் வேலையில் எப்படி இருப்பார் என்பதை எது சரியாகச் சொல்கிறது என்று பார்த்தார்கள். வேலையைச் செய்து காட்டச் சொல்வது முன்வரிசையில் வந்தது; சும்மா உட்கார வைத்துப் பேசிப் பார்ப்பது அதற்குப் பின்தங்கியது.

கண்ணைப் பார்த்துப் பேசாதவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தாராபுரம் பக்கத்திலிருந்தோ தேனிப் பக்கத்திலிருந்தோ வரும் ஒரு பெண், மூத்தவர் எதிரே தலை குனிந்து பேசினால் அது தன்னம்பிக்கைக் குறைவு இல்லை. வீட்டில் கற்றுக்கொடுத்த மரியாதை. கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் அதே. ஏ.சி. அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவர்களிடம் "பரவால்லீங்க, போட்டுட்டே வாங்க" என்று சொல்கிறோம். அதிலும் பாதிப் பேர் "இருக்கட்டுங்க" என்று வெறுங்காலோடுதான் வருவார்கள். இதையெல்லாம் ஒரு இங்கிலீஷ் படிவத்தில் 'கான்ஃபிடன்ஸ்: குறைவு' என்று குறித்துவைக்கும் பர்சனல் ஆபீசர்களைப் பார்த்திருக்கிறேன். அது சோம்பேறித்தனம்.

வேலை தேடி வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய நடத்தை அதிகமில்லை. வாட்ச்மேனிடம் பேசும் விதம் எங்கள் காதுக்கு வந்துவிடும், நாங்களே கேட்போம். போனை அணைத்துவிடுங்கள். டீ கொடுத்தால் குடியுங்கள், மறுத்துவிட்டு மறுபடி வாங்கும் சடங்கு வேண்டாம். போன கம்பெனி முதலாளியைத் திட்டாதீர்கள். இந்த ஊரில் அவர் எங்களுக்கு ஜாப் ஒர்க் செய்துகொடுப்பவராகவே இருக்கக்கூடும். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் நாங்கள் சிரிக்க மாட்டோம்.

மேஜைக்கு இந்தப் பக்கத்தில்தான் சொல்ல நிறைய இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் உடல்மொழி என்று நாம் மதிப்பெண் போடுவதில் பாதியை நாமேதான் உண்டாக்குகிறோம். உள்ளே வந்தவரை உட்காரச் சொல்லாமல் போனைத் தடவிக்கொண்டிருந்தால் அவர் கூனிக் குறுகித்தான் நிற்பார். "எந்த ஊருங்க?" என்று தொடங்கி, "ஊருல எந்தப் பக்கம்?", "என்ன கூட்டம்?", "குலதெய்வம் எது?" என்று போகும் கேள்விகள் கொங்கு நாட்டில் எதற்காகக் கேட்கப்படுகின்றன என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுகிறவருக்கும் தெரியும். இரண்டாவது கேள்வியிலேயே தோள் இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஊர் தெரிய வேண்டுமானால் ஆதார் அட்டையில் இருக்கிறது. பெண்களிடம் "கல்யாணம் எப்போ?", "குழந்தை எத்தனை?" என்பதும் இதே வகை. பெண் என்பதற்காக ஆளெடுப்பில் வேறுபாடு காட்டக் கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னது, 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் சொல்கிறது. நைட் ஷிப்மெண்ட் வேலை இருக்கும் என்றால் அதைச் சொல்லி, வர முடியுமா என்று ஆணிடமும் பெண்ணிடமும் ஒரே மாதிரி கேட்டால் போதும்.

ஆர்டர் குவிந்து கிடக்கும் மாதங்களில் நமக்கு நல்ல பழக்கமெல்லாம் தானாக வந்துவிடுகிறது. டெய்லர் வந்தால் "வாங்கண்ணா, உக்காருங்கண்ணா" என்கிறோம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கான வரியை 50 விழுக்காடாக ஏற்றி, ஆர்டர்கள் ஆங்காங்கே நின்றபோது, அதே நாற்காலிகளில் அதே ஆட்களை மணிக்கணக்கில் காக்கவைத்த கம்பெனிகளும் உண்டு. ஆர்டரைப் பொறுத்து ஏறி இறங்குவதற்குப் பெயர் மரியாதை இல்லை, தேவை.

என்னைப் போல ஆளெடுக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பீஸ் ரேட்டில் தைக்கும் ஒருவர் உங்களைப் பார்க்க வருகிறார் என்றால் அன்றைய தையலை விட்டுவிட்டு வருகிறார். சனிக்கிழமைச் சம்பளத்தில் அது குறையும். எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டால் "போன் பண்றோம்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். எழுந்து நின்று, காரணத்தையும் சொல்லி, இல்லை என்று அப்போதே சொல்லிவிடுங்கள். மதியத்துக்குள் சொன்னால், சாயங்காலத்துக்குள் அவர் இன்னொரு கம்பெனியில் சாம்பிள் தைத்துக் காட்டிவிடுவார்.