கோடில் இல்லை என்று சொன்னேன்

சிவில் மாணவர்களுக்குப் பசுமைக் கட்டுமானம் பாடம் எடுக்கிறேன். பல வருடங்களாக அதைத் தப்பாகவே எடுத்தேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் தெரிந்தே செய்தது.

பசுமைக் கட்டடங்களுக்குத் தரும் கிரிஹா, ஐஜிபிசி தரச்சான்றுகளில் எதற்கு எத்தனை புள்ளி என்று போர்டில் எழுதிப் போடுவேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். இரண்டு மார்க் கேள்விக்கு அது போதும். பசுமைக் கட்டடம் என்றால் கட்டி முடித்த பிறகு மொட்டை மாடியில் கொண்டுபோய் வைக்கிற சாமான்கள் என்று அவர்கள் மனதில் பதிந்துபோனது. பதிய வைத்தவன் நான்.

சிமென்ட்டிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுத்தான் சிமென்ட் செய்கிறார்கள். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லை முழுக்கச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அந்த 44 கிலோ குறையாது. அது கல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே சிமென்ட் குறைவாகப் பிடிக்கும் டிசைன்தான் முதல் வேலை. பிளஸ் டூ வேதியியல் படித்து வந்த பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். இருந்தும் நான் சொல்லவில்லை. காரணம், டிசைன் பாடத்தையும் நானே எடுத்தேன். அங்கே தூணையும் பீமையும் தேவைக்கு மேல் பருமனாக்கி, "சேஃபா இருக்கட்டும் சார்" என்று வந்து நின்றவனுக்கு முழு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வகுப்பில் உண்மையைச் சொன்னால் இன்னொரு வகுப்பில் மாட்டிக்கொள்வேன்.

இதைவிடப் பெரிய தப்பு ஒரு மாணவிக்குச் செய்தது. இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு, செங்கல் சுவரே பாரம் தாங்கும் ஒரு மாடி வீட்டை ராட் டிராப் கட்டு முறையில் டிசைன் செய்ய வேண்டும் என்று வந்தாள். செங்கலைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்டி, நடுவில் வெற்றிடம் விடும் முறை அது. நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். உள்ளே நிற்கும் காற்று வெயிலின் சூட்டையும் தடுக்கும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் வீடு வீடாகக் கட்டிக் காட்டியது. அவள் திருவனந்தபுரம் போய் அவர் கட்டிய சி.டி.எஸ். ஆய்வு நிறுவன வளாகத்தைப் பார்த்து, சுவர்களைப் படம் எடுத்து வந்திருந்தாள்.

"இதெல்லாம் கோடில் வராதும்மா. வெளியிலிருந்து வர்ற எக்ஸாமினர் ஒத்துக்க மாட்டார். ஃப்ரேம் ஸ்ட்ரக்சரா மாத்திடு" என்றேன்.

கட்டுமான விதிகள் அடங்கிய அந்தக் கோடு புத்தகத்தை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்தச் சுவர் எவ்வளவு பாரம் தாங்கும் என்று எக்ஸாமினர் என்னைக் கேட்டால் பதில் தெரியாது. அந்தப் பயத்தை அவள் தலையில் கட்டினேன். மறுவாரமே மாற்றிக்கொண்டு வந்தாள். வைவாவில் நல்ல மார்க். எல்லோரோடும் சேர்ந்து நானும் கை தட்டினேன்.

இந்த வருடம் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு, லேபுக்குப் பின்னால் மாணவர்களோடு இடுப்பளவு ராட் டிராப் சுவர் ஒன்று கட்டினோம். கலவை போடும்போது வெற்றிடத்தின் மேல் ஒரு ரீப்பர் கட்டையை வைத்து மூடிக்கொண்டார். கலவை உள்ளே விழுந்து அடைத்துவிட்டால் சூடு அதன் வழியே உள்பக்கம் வந்துவிடும். அதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். எஸ்டிமேஷன் வகுப்பில் இப்போது ரூபாய்க்குப் பக்கத்தில் சிமென்ட் எத்தனை மூட்டை என்றும் கேட்கிறேன். ஒரே பிளானுக்குக் குறைந்த மூட்டையில் சரியான டிசைன் தருபவருக்குத்தான் கூடுதல் மார்க்.

அந்தப் பெண் இன்று ஒரு கட்டுமான நிறுவனத்தில் அடுக்குமாடிகளுக்கு டிசைன் போடுகிறாள். பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புவாள், நானும் அனுப்புவேன். அன்றைக்கு நான் சொன்ன காரணம் பொய் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.