ஏறின கியர்லயே இறங்கு!

டூயல் ஸ்போர்ட் பைக்னா என்னன்னு கேட்டா, எங்க கிளாஸ்ல பாதிப் பேர் 'ஹிமாலயன்'னு ஒத்தை வார்த்தையில முடிச்சுடுவாங்க. பேர்லயே மலை இருக்கே! ஆனா, விஷயம் ரொம்ப சிம்பிள். தார் ரோட்டுலயும் ஓட்டலாம், ரோடு முடிஞ்சு மண் பாதை ஆரம்பிச்சாலும் இறங்கித் தள்ளாம போகலாம். அதுக்காகத்தான் முன்னாடி பெரிய ஸ்போக்ஸ் வீல், நல்லா அமுங்குற சஸ்பென்ஷன், தரையிலேர்ந்து எம்பி நிற்கிற இன்ஜின். இந்த ஆசையைக் கட்டுப்படியாகுற விலைக்குக் கொண்டு வந்தது, 2011-ல் வந்த ஹீரோ இம்பல்ஸ். பாவம், அது ஓடலை. 2019-ல் எக்ஸ்பல்ஸ் 200 வந்த பிறகுதான் எங்க காலேஜ் பார்க்கிங்ல இந்த ஒட்டகங்கள் தலைகாட்ட ஆரம்பிச்சது.

நான் 5 அடி 3 அங்குலம். பொண்ணு வேற. ஷோரூம்ல ஏறி உட்கார்றதுக்குள்ளயே, "ஸ்கூட்டர் அந்தப் பக்கம் இருக்கு மேடம்"னு கை காட்டிட்டார் ஒருத்தர். கூட வந்த அப்பா ஒண்ணும் பேசலை. 26 வருஷமா நாமக்கல்லில் லாரி ஓட்டுறவர். வெளியில வந்து டீ சொல்லிட்டு, "உயரம் கெடக்கட்டும் கண்ணு. நிறுத்தும்போது எந்தக் காலை ஊனுவ, அதைச் சொல்லு"ன்னார்.

அங்கதான் எனக்கு மேட்டர் புரிஞ்சது. எக்ஸ்பல்ஸ் 200 4வி-யோட சீட் உயரம் 825 மி.மீ. ரெண்டு காலும் எனக்கு எட்டவே எட்டாது. ஆனா, ஒரு பக்கமா நகர்ந்து உட்கார்ந்தா ஒரு பாதம் முழுசா பதியும். சரிவான இடத்துல மேட்டுப் பக்கம் இருக்குற காலைத்தான் ஊனணும். பள்ளத்துப் பக்கம் காலைத் தேடினா, வண்டியோட நாமளும் போயிடுவோம். பழைய ஹிமாலயன் 411 சீட் இதைவிடத் தாழ்வு, 800 மி.மீ. ஆனா, எடை 199 கிலோ! எக்ஸ்பல்ஸ் 160 கிலோகூட இல்லை. மண்ணுல சாய்ஞ்சா தனியா தூக்கணுமே பாஸ்... நான் எடையைத்தான் பார்த்தேன்.

பட்ஜெட் ஒரு லட்சத்துக்குள்ள, அதனால செகண்ட் ஹேண்ட். அப்பா முதல்ல குனிஞ்சு இன்ஜின் அடியிலதான் பார்த்தார். கல்லுல அடிபட்ட நசுங்கல் அங்கதான் தெரியுமாம். ஸ்பேனரால ஒவ்வொரு ஸ்போக்ஸா தட்டினார். 'டிங்'னு வந்தா டைட், 'டொக்'னு வந்தா லூஸ். ஃபோர்க்ல ஆயில் கசியுதா, வீலைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பினா நடுவுல எங்கேயாவது சிக்குதா... ஓனர் நெளிஞ்சுட்டார். மூணாவது வண்டிதான் தேறுச்சு.

அம்மாதான் மசியலை. காரணம் இருக்கு. எங்க தெரு அண்ணன் ஒருத்தர், மலையிலேர்ந்து இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல உருட்டிக்கிட்டு வந்து விழுந்தார். ஒரு வருஷமாச்சு, இன்னும் காலை இழுத்துதான் நடக்கிறார். எனக்கோ கொல்லிமலைதான் கனவு. எழுபது கொண்டை ஊசி வளைவு!

அதனால, அப்பாவோட பாடம் முழுக்க இறங்குறதைப் பத்தித்தான். "எந்த கியர்ல ஏறுனியோ, அதே கியர்ல இறங்கு." மெக்கானிக்கல் ஸ்டூடன்ட்டான நான் இதை 'இன்ஜின் பிரேக்கிங்'னு எழுதி மார்க் வாங்கியிருக்கேன். கிளட்ச்சைப் பிடிச்சுக்கிட்டே இறங்கினா மொத்த வேலையும் பிரேக் தலையில விழுந்து, சூடேறி, கடைசியில பிடிக்காமப் போயிடும்கறதை அவர் லாரியில அனுபவிச்சிருக்கார். இன்னொண்ணு, கொண்டை ஊசியில லாரி முழு ரோட்டையும் எடுத்துக்காம திரும்பவே முடியாது. அது திமிர் இல்லை, நீளம்! நாம முன்னாடியே நின்னுடணும். குறுகலான இடத்துல ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழின்னு ரூல்ஸும் சொல்லுது.

மண்ணுக்கு, அறுவடை முடிஞ்ச எங்க சோளக்காட்டுலயே பிராக்டீஸ். ஃபுட்ரெஸ்ட்ல எழுந்து நின்னு, முழங்காலால டேங்க்கைக் கவ்வி, முன் வீலைப் பார்க்காம தூரத்துல பார்க்கணும். கல்லைப் பார்த்தா கல்லு மேலதான் போகும் வண்டி. என் பைக்ல முன் வீலுக்கு மட்டும்தான் ஏபிஎஸ். பின் பிரேக்கை அழுத்தினா வால் வழுக்கும், அந்த வழுக்கலைக் காலு பழகிக்க ரெண்டு வாரம் ஆச்சு. டயர்ல காத்தைக் கொஞ்சம் குறைச்சா மண்ணுல நல்ல பிடி. ஆனா, தார் ரோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி மறுபடி ஏத்திடணும். ஃப்ரெண்ட்ஸ் சொல்ற பெரிய பெரிய பட்டன் டயர் எனக்கு வேண்டாம். பார்க்க கெத்துதான், மழை பெஞ்ச தார் ரோட்டுல அது பிடிக்காது.

ஐஎஸ்ஐ ஹெல்மெட், முழங்கால் பேட், பூட்ஸ் எல்லாம் வாங்கியாச்சு. அம்மா எல்லாத்தையும் தட்டித் தட்டிப் பார்த்தாங்க, அந்த ஸ்போக்ஸைப் பார்த்த மாதிரியே.

மிச்சம் இருக்குறது பஞ்சர். ட்யூப் டயர்ங்கறதால ஸ்பேர் ட்யூப், டயர் லீவர், பம்ப் எல்லாம் கையோட வேணும். இருபது நிமிஷத்துல தனியா கழற்றி மாட்டினாத்தான் கொல்லிமலை, அதுவரைக்கும் சேந்தமங்கலம்தான் எல்லைன்னு அப்பா சொல்லிட்டார். வாசல்ல வாட்ச்சோட நிக்கிறார். இப்போதைக்கு நான் முப்பத்தஞ்சு நிமிஷம்!